கடைசி வரியில் காட்டும் பிழை

தவளக்குப்பத்தில் எங்கள் பள்ளிக் கணினி ஆய்வகம். ஒரு மாணவி எழுதிய சி பிளஸ் பிளஸ் நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் ஜி.சி.சி. நிரல்பெயர்ப்பி, கடைசி வரியான 24-இல் பிழை என்றது. அங்கே ஒரு மூடும் நெளிவு அடைப்புக்குறி மட்டுமே இருந்தது. "இதுல என்ன தப்பு மிஸ்? எனக்கு இது வராது" என்று எழுந்துவிட்டாள்.

முன்பெல்லாம் நானே திருத்திக் கொடுத்துவிடுவேன். அன்று, வரிகளை ஒழுங்குபடுத்த மட்டும் சொன்னேன்: குறி திறந்தால் அடுத்த வரியை உள்தள்ளி எழுது, மூடும் குறியைத் திறந்த வரிக்கு நேர்கீழே வை. 11-ஆம் வரியில் தொடங்கிய மடக்கு மூடப்படாததை அவளே கண்டுபிடித்தாள். நிரல்பெயர்ப்பி, தான் மேலே செல்ல முடியாமல் நின்ற இடத்தைத்தான் காட்டுகிறது. தவறு அதற்கு முன்பே நேர்ந்திருக்கலாம்.

திறந்த மூல மென்பொருளில் இந்த ஒழுங்கு எழுதப்பட்ட விதி. லினக்ஸ் கருநிரலுக்கு உள்தள்ளல் 8 எழுத்து அகலம். பைத்தானுக்கு 2001-இல் வந்த பெப் 8 நடைவழிகாட்டி 4 இடைவெளி என்கிறது. ஒருவர் எழுதியதை முகமறியாத பலர் படித்துத் திருத்த வேண்டுமே!

இப்போது என் வகுப்பில் இரண்டு பழக்கங்கள்: பல பிழைகள் வந்தாலும் முதல் பிழையை மட்டும் திருத்தி மீண்டும் இயக்குவது; நிரலைப் பக்கத்து மாணவரிடம் படிக்கக் கொடுப்பது. நீங்களும் செய்து பாருங்கள்.