மாசியில் நெல், மார்கழியில் சோறு

சித்திரை வருடத்துக்கும் தீபாவளிக்கும் முன்னர் கல்முனைப் புடவைக் கடைகளில் விலைக்கழிவுப் பதாகைகள் தொங்கும். அந்தக் கழிவை நான் பெரிதாக நம்புவதில்லை. சனம் முண்டியடிக்கும்போது எந்தக் கடைக்காரர் விலையை இறக்குவார்? பண்டிகை முடிந்து மிஞ்சிய துணிக்குத்தான் பேரம் படியும். பிள்ளைக்குச் சற்றுப் பெரிதாக அப்போது எடுத்து வைக்கலாம்.

ஆனால் பெரிய மிச்சம் உடுப்பில் இல்லை, அரிசியில்தான் இருக்கிறது. படுவான்கரையில் பெரும்போக வெட்டு தை கடைசியில் தொடங்கிப் பங்குனி வரை போகும். கடன் கட்ட வேண்டிய விவசாயி களத்திலேயே நெல்லை விற்பார்; விலை விழும். கார்த்திகை, மார்கழியில் விலை ஏறும். மழையால் கூலி வேலையும் இராது. கடைக் கொப்பியில் நம் கடன் கூடுவது அந்த மாதங்களில்தான்.

மூட்டை சேர்த்து என்ன பயன் என்று கேட்கும் சகோதரிகளைக் குறை சொல்ல மாட்டேன். 2007 இல் படுவான்கரையிலிருந்து இடம்பெயர்ந்த சனம் நெல்லையா தூக்கி வந்தது?

இப்போது குருக்கள்மடத்தில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து, வாவிக்கு அக்கரையில் நெல் வாங்கி, ஏற்றுகூலியைப் பங்கிடுகிறோம். நூறு கிலோ நெல் குற்றினால் அறுபத்தைந்து கிலோ அளவில் அரிசி வரும். பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடையும்வரை காயவைத்து, நிலத்தில் படாமல் பலகைமேல் அடுக்குங்கள். ஈரநெல் பூஞ்சணம் பிடிக்கும்.

காசுக்கு, தீபாவளியில் எடுக்கும் சீட்டை மாசிக்கு மாற்றிக் கேளுங்கள். வட்டிக்கு வாங்கி நெல் எடுக்க வேண்டாம். மிச்சம் முழுவதும் வட்டிக்காரருக்கே போய்விடும்.