விளையாடுகிறவனுக்கும் ஒரு பங்கு

அமெரிக்காவில் ஃபுட்பால் என்றால் நாம் காலால் உதைத்து ஆடும் பந்தாட்டம் அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, தலையில் ஹெல்மெட்டும் தோளில் தடித்த கவசமுமாக மோதி முன்னேறும் ஆட்டம். தொழில்முறை அணிகளுக்குக் கூடும் கூட்டத்துக்குச் சற்றும் குறையாத கூட்டம் கல்லூரி அணிகளுக்கும் கூடும். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் 1 லட்சத்து 7 ஆயிரம் பேர் உட்காரலாம். டிக்கெட், டிவி உரிமை, சட்டை விற்பனை என்று பணம் கொட்டுகிறது. பெரிய பல்கலைக்கழகங்களில் கோச்சின் சம்பளம் ஆண்டுக்கு 1 கோடி டாலரைத் தாண்டுவதுண்டு. ஆடுகிற பையனுக்கு என்ன கிடைத்தது? படிப்புச் செலவு, தங்குமிடம், சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் உதவித்தொகை. அதற்கு மேல் தன் ஆட்டத்தை வைத்து ஒரு டாலர் சம்பாதித்தாலும் குற்றம். 2021 வரை விதி அப்படித்தான் இருந்தது.

அந்த விதி எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 2010 டிசம்பரில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக வீரர்கள் ஐந்து பேர் மாட்டிக்கொண்டார்கள். தாங்கள் ஜெயித்து வாங்கிய மோதிரங்களையும் ஆட்டத்தில் பயன்படுத்திய பொருள்களையும் விற்றிருந்தார்கள். பச்சை குத்தும் கடைக்காரரிடம் சலுகை பெற்றிருந்தார்கள். ஆளுக்கு ஐந்து ஆட்டம் தடை. விஷயம் தெரிந்தும் மறைத்தார் என்பதால் கோச் ஜிம் ட்ரெஸல் 2011 மே மாதம் பதவி விலக வேண்டியதாயிற்று. உழைத்து வாங்கிய தன் மோதிரத்தை ஒருவர் விற்பது எப்படிக் குற்றமாகும் என்று அப்போதே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி.

இந்த விதிக்கு அடியில் ஒரு சொல் இருந்தது: 'மாணவ விளையாட்டு வீரர்'. கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ 1950களில் பரப்பிய சொல் அது. 1955இல் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக ஆடிய ரே டெனிசன் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்துபோனார். வேலையில் இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்கு உரிய இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். கல்லூரி ஃபுட்பாலைத் தொழிலாக நடத்தவில்லை, ஆகவே அவர் தொழிலாளி இல்லை என்று 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் கைவிரித்துவிட்டது. ஆடுகிறவர் முதலில் மாணவர் என்ற அந்த வாதம் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடித்தது.

அதை அசைத்தவர் ஃபுட்பால்காரர் அல்ல, எட் ஓபேனன் என்ற கூடைப்பந்து வீரர். கல்லூரியை விட்டுப் பல ஆண்டு கழித்து, நண்பர் வீட்டில் ஒரு வீடியோ கேமைப் பார்த்தார். திரையில் இடக்கையால் பந்து போட்ட மொட்டைத்தலை ஆள், அவருடைய பழைய 31ஆம் எண் சட்டையில் ஓடிக்கொண்டிருந்தார். பெயர் மட்டும் இல்லை. கேமை விற்றவர்களுக்குக் காசு, அவருக்கு எதுவும் இல்லை. 2009இல் வழக்குப் போட்டார், 2014இல் தீர்ப்பு அவர் பக்கம் சாய்ந்தது. 2019இல் கலிஃபோர்னியா மாநிலம், வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம் என்று சட்டமே போட்டது. 2021 ஜூனில் ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 9-0 என்று என்சிஏஏக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அந்த வழக்கு படிப்பு சம்பந்தமான சலுகைகளைப் பற்றியதுதான். ஆனாலும் போட்டிச் சட்டம் எங்களைக் கட்டுப்படுத்தாது என்ற என்சிஏஏயின் தைரியம் அத்தோடு போயிற்று. பத்து நாளில், ஜூலை 1 அன்று, கதவு திறந்துவிட்டது.

முதலில் எல்லோரும் நினைத்தது விளம்பரப் பணத்தை. உள்ளூர் ஹோட்டலுக்கோ கார் கடைக்கோ ஒரு வீரர் போஸ் கொடுப்பார், பணம் வாங்குவார். அதுவும் நடந்தது. ஆனால் பெரிய பணம் வேறு வழியில் வந்தது. கல்லூரிமேல் பற்றுள்ள செல்வந்தர்கள் ஒன்றுசேர்ந்து நிதி திரட்டும் குழுக்களைத் தொடங்கினார்கள். 'கலெக்டிவ்' என்று அதற்குப் பெயர். காகிதத்தில் அது விளம்பர ஒப்பந்தம். உண்மையில் எங்கள் அணிக்கு வா, இவ்வளவு தருகிறோம் என்பதுதான்.

இதே காலத்தில் இன்னொரு பூட்டும் கழன்றது. முன்பெல்லாம் வீரர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினால் ஓர் ஆண்டு ஆடாமல் உட்கார வேண்டும். கோச்சுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. 2021 நவம்பரில் கோச் பிரையன் கெல்லி நோட்டர்டாம் அணியை விட்டு லூயிசியானா ஸ்டேட் (எல்எஸ்யூ) பல்கலைக்கழகத்துக்குப் போனபோது, பழைய அணி அந்த ஆண்டின் ஆட்டங்களைக்கூட முடித்திருக்கவில்லை. 2018 அக்டோபரில் 'டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்' வந்தது. பெயர்ப் பட்டியல் கொண்ட ஒரு தரவுத்தளம்தான் அது. போகிறேன் என்று வீரர் எழுத்தில் சொன்னால் இரண்டு வேலை நாளுக்குள் கல்லூரி அவர் பெயரை ஏற்ற வேண்டும். ஏறிய பிறகு எந்தக் கோச்சும் அவரைக் கூப்பிட்டுப் பேசலாம். பழைய கோச்சிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. 2021இல் ஒருமுறை மாறினால் உட்கார வேண்டாம் என்றார்கள். 2024இல், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறை மாறினாலும் சரி என்றாகிவிட்டது.

பணம், சுதந்திரம் இரண்டும் சேர்ந்தபோதுதான் ஆட்டத்தின் முகமே மாறியது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு வீரரின் விலை புதிதாகப் பேசப்படுகிறது. தன் வீரரையே இழக்காமல் வைத்திருக்கக் கோச் மறுபடி பேரம் பேச வேண்டியிருக்கிறது.

இதனால் நல்லது நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. இண்டியானா பல்கலைக்கழகத்தைப் பாருங்கள். தோல்விக் கணக்கில் நாட்டிலேயே முன்வரிசையில் இருந்த அணி. கர்ட் சிக்னெட்டி என்ற கோச் 2023 இறுதியில் ஜேம்ஸ் மேடிசன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தார்; அங்கே அவரிடம் ஆடியவர்களில் பத்துப் பேருக்கும் மேல் கூடவே வந்தார்கள். 2025இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியிலிருந்து மாறிவந்த, களத்தில் ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசா ஆண்டின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருதை வாங்கினார். அணி ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் தேசிய சாம்பியன் ஆனது. பழைய விதி இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

ஆனால் ஜேம்ஸ் மேடிசன் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். சிறிய கல்லூரி ஒரு பையனைக் கண்டுபிடித்து, இரண்டு மூன்று ஆண்டு பயிற்சி கொடுத்து ஆளாக்கும். அவன் பேர் வாங்கியதும் பெரிய கல்லூரி கொத்திக்கொண்டு போய்விடும். பள்ளியை முடித்து வரும் பதினெட்டு வயதுப் பையனுக்கும் சங்கடம். போர்ட்டலில் இருபத்திரண்டு வயது அனுபவசாலி கிடைக்கும்போது அவனுக்கு இடம் கொடுக்கக் கோச் தயங்குகிறார்.

எனக்கு அதிகக் கவலை தருவது போர்ட்டலில் பெயரை ஏற்றிவிட்டு எந்த அழைப்பும் வராமல் காத்திருக்கும் பையன்தான். பெயர் ஏறியதும் பழைய கல்லூரி அவன் ஸ்காலர்ஷிப்பை அந்தப் பருவத்தோடு நிறுத்திவிடலாம். புதிய இடம் கிடைத்தாலும், முன்பு படித்துத் தேறிய பாடங்கள் எல்லாவற்றையும் புதிய கல்லூரி ஏற்றுக்கொள்ளும் என்று இல்லை. கோடிகள் வாங்கும் சிலரின் பெயர் செய்தியில் வருகிறது. இவனுடைய பெயர் வருவதில்லை.

வாய்வார்த்தையில் பேரம் நடப்பது இன்னொரு கோளாறு. 2024 செப்டம்பரில் லாஸ் வேகஸ் நகரின் யுஎன்எல்வி அணி முதல் மூன்று ஆட்டத்தையும் ஜெயித்திருந்தது. நாலாவது ஆட்டத்துக்கு முன் குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா இனி ஆடமாட்டேன் என்று அறிவித்தார். 1 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார்கள், வரவில்லை என்றது அவர் தரப்பு. அப்படி எதுவும் முறையாகப் பேசப்படவில்லை என்றது பல்கலைக்கழகம். கையெழுத்திட்ட தாள் இருந்திருந்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை.

2025 ஜூன் 6 அன்று நீதிபதி கிளாடியா வில்கன், வீரர்கள் என்சிஏஏமீது தொடுத்த 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்தை ஏற்றுக்கொண்டார். ஓபேனன் வழக்கில் தீர்ப்பளித்தவரும் இவரே. இனிப் பல்கலைக்கழகமே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகத்துக்கான உச்சவரம்பு 2 கோடியே 5 லட்சம் டாலர். முன்பு ஆடி ஏமாந்தவர்களுக்கு ஏறத்தாழ 280 கோடி டாலர், பத்தாண்டில். வெளியாரோடு போடும் விளம்பர ஒப்பந்தம் 600 டாலரைத் தொட்டால் அதை ஒரு கண்காணிப்பு அமைப்பிடம் காட்ட வேண்டும். அது உண்மையான விளம்பரமா என்று அவர்கள் பார்ப்பார்கள். அந்த 2 கோடியில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்குத்தான் போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். நீச்சல், மல்யுத்தம், டென்னிஸ் போன்றவை வருமானம் இல்லாதவை, ஆனால் அமெரிக்காவின் ஒலிம்பிக் வீரர்கள் பலர் வளர்வது அங்கேதான். பெண்களுக்குச் சமபங்கு வேண்டும் என்ற கேள்வியும் நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.

வீரருக்குப் பங்கு கொடுத்தது சரி என்றே நான் நினைக்கிறேன். குழப்பத்துக்குக் காரணம் அந்தப் பணம் அல்ல. கூலி கொடுத்துக்கொண்டே அதைக் கூலி என்று சொல்ல மறுப்பதுதான். தொழில்முறை அணிகளில் வீரர் சங்கம் இருக்கிறது. சங்கமும் அணி முதலாளிகளும் உட்கார்ந்து பேசி எத்தனை ஆண்டு ஒப்பந்தம், எப்போது மாறலாம், அடிபட்டால் யார் பொறுப்பு என்று எழுதிக்கொள்கிறார்கள். அதனால் அந்த விதிகள் நீதிமன்றத்தில் நிற்கின்றன. கல்லூரியில் விதியை ஒரு தரப்பே எழுதுகிறது, நீதிமன்றம் அதை உடைக்கிறது, மறுபடி எழுதுகிறார்கள். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வீரர்கள் 2014இலேயே சங்கம் அமைக்க முயன்றார்கள். இந்த விவகாரத்தில் தலையிட மாட்டோம் என்று 2015இல் தேசிய தொழிலாளர் வாரியம் ஒதுங்கிக்கொண்டது. ஹவுஸ் சமரசமும் அந்தக் கேள்வியைத் தொடவில்லை. இன்று வீரர் தன் பல்கலைக்கழகத்திடமே பணம் வாங்குகிறார், அதற்கு வருமான வரியும் கட்டுகிறார். தொழிலாளி என்ற அந்தஸ்து மட்டும், டெனிசனுக்குக் கிடைக்காதது போலவே, அவருக்கும் இன்னும் கிடைக்கவில்லை.