கொதிகலன் நின்றால் என் செய்வது?

நம் நாட்டில் வீட்டைக் குளிரச் செய்ய மின்விசிறி சுழல்கிறது. வீட்டைச் சூடாக்க வேண்டும் என்ற எண்ணமே நமக்குத் தோன்றுவதில்லை. ஆனால், மேற்படிப்புக்காகப் பிரிட்டனுக்குச் செல்லும் நம் பிள்ளைகள் முதல் ஆண்டிலேயே ஒரு புதிய பொருளுடன் பழக வேண்டியவர்களாகிறார்கள். அதுதான் வீட்டுக் கொதிகலன்.

தோட்டப் பள்ளியில் என்னிடம் படித்த பெண் ஒருத்தி, வட இங்கிலாந்தில் பயின்றபோது ஜனவரி மாதத்தில் ஒரு நாள் தொலைபேசியில் அழைத்தாள். “சார், பாய்லர் நின்றுவிட்டது. ஆள் வர இரண்டு நாளாகுமாம். ஜன்னல்களை அடைத்து, கேஸ் அடுப்பை எரியவிட்டுக் குளிர்காய்கிறோம்” என்றாள். அன்று அவளுக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. பின்னர் படித்தறிந்ததை இங்கே எழுதுகிறேன்.

நம் செம்பனை ஆலைக் கொதிகலன் நீராவியை உண்டாக்குவது. பிரிட்டிஷ் வீட்டுக் கொதிகலனோ பெயரளவில்தான் கொதிகலன். அதில் நீர் கொதிப்பதில்லை. இயற்கை எரிவாயு எரிந்து நீரைச் சூடாக்குகிறது. அந்த நீரை ஒரு பம்ப் குழாய்கள் வழியே அறைதோறும் உள்ள ரேடியேட்டர்களுக்கு அனுப்புகிறது. அறையைச் சூடாக்கிய நீர் மீண்டும் கொதிகலனுக்கே திரும்புகிறது. ஆகவே மின்சாரம், எரிவாயு, நீர் ஆகிய மூன்றில் எது குறைந்தாலும் வெப்பம் நின்றுவிடும்.

எளியதிலிருந்து அரியதற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற பாடம். அதே முறை இங்கும் பொருந்தும்.

முதலாவது, மின்சாரம். எரிவாயுக் கொதிகலனும் மின்சாரமின்றி இயங்காது. அதன் சுவிட்ச் போடப்பட்டிருக்கிறதா? மின்தடைக்குப் பின் நேரங்காட்டி மாறிவிட்டதா? சுவரிலுள்ள தெர்மோஸ்டாட் அறையின் வெப்பத்தைவிட உயர்ந்த அளவில் வைக்கப்பட்டிருக்கிறதா? அதன் மின்கலம் தீர்ந்துவிட்டதா? பழுது என்று எண்ணியது பல வேளைகளில் இவற்றுள் ஒன்றாகவே இருக்கும்.

இரண்டாவது, எரிவாயு. சமையல் அடுப்பு எரிகிறதா என்று பார்த்தால் விடை தெரிந்துவிடும். முன்பணம் செலுத்தும் மீட்டரில் பணம் தீர்ந்திருக்கவும் கூடும்.

மூன்றாவது, நீரின் அழுத்தம். கொதிகலன் ஆறியிருக்கும்போது அழுத்தமானியின் முள் பொதுவாக 1 முதல் 1.5 பார் வரை நிற்க வேண்டும். குறைந்திருந்தால், தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் காட்டியபடி நீர் நிரப்பும் குழாயின் திருகை மெல்லத் திறந்து, முள் உரிய இடத்துக்கு வந்ததும் இறுக மூட வேண்டும். சில நாள்களில் மீண்டும் குறைந்தால் எங்கோ நீர் கசிகிறது என்று பொருள். ஒரு ரேடியேட்டரின் மேற்பகுதி மட்டும் குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று தங்கியிருக்கிறது. வெப்பத்தை நிறுத்தி, ஆறவிட்டு, அதற்குரிய சாவியால் காற்றை வெளியேற்றலாம்.

நான்காவது காரணம் கடுங்குளிருக்கே உரியது. 2005ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் இங்கிலாந்திலும் வேல்சிலும் புதிதாகப் பொருத்தப்படும் எரிவாயுக் கொதிகலன்கள், சில விலக்குகள் நீங்கலாக, புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் மீட்கும் வகையாக இருக்க வேண்டும். அவ்வாறு குளிர்ந்த நீர் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே வெளியேறுகிறது. அக்குழாய் வீட்டுக்கு வெளியே சென்றால், உறைபனியில் உள்நீர் கட்டியாகி அடைத்துக்கொள்ளும். கொதிகலன் களகளவென்று ஒலித்துத் தானே நின்றுவிடும். குழாய் கைக்கெட்டும் உயரத்தில் இருந்தால், அதன்மேல் வெதுவெதுப்பான நீரை ஊற்றிக் கட்டியைக் கரைக்கலாம். கொதிநீர் கூடாது, குழாய் வெடிக்கக்கூடும். பிறகு மீளியக்கும் பொத்தானை ஒரு முறை அழுத்திப் பார்க்கலாம். என் மாணவியின் வீட்டில் நேர்ந்ததும் இதுவே. ஒரு கேத்தல் வெதுநீரால் தீர்ந்திருக்கக்கூடிய தொல்லைக்கு அவர்கள் இரண்டு இரவு நடுங்கினார்கள்.

நடுங்கியது மட்டுமா? அடைத்த அறையில் அடுப்பை எரித்தார்கள் அல்லவா? அதுவே பெரிய ஆபத்து. போதிய காற்றின்றி எரிவாயு எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கி உயிரையே பறித்துவிடும். நீல நிறத்தில் எரிய வேண்டிய சுடர் மஞ்சளாக எரிவதும், சாதனத்தைச் சுற்றிக் கரி படிவதும் எச்சரிக்கைகள்.

ஆகவே வீட்டில் இருப்போர் செய்யத்தக்கவை மேற்கூறிய நான்கோடு முடிகின்றன. கொதிகலனின் எரிபகுதியைத் திறப்பதும் எரிவாயுக் குழாயைத் தொடுவதும் ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் பதிந்த தொழில்நுட்பருக்கு மட்டுமே உரியவை. பொத்தானை அழுத்தியும் கொதிகலன் மீண்டும் நின்றால், திரும்பத் திரும்ப அழுத்தலாகாது. ஆபத்தை உணர்ந்தே அது தன்னை நிறுத்திக்கொண்டிருக்கலாம். எரிவாயு மணம் வீசினால் எந்த சுவிட்சையும் தொடாமல், ஜன்னல்களைத் திறந்து, வெளியேறி, 0800 111 999 என்ற அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

வாடகை வீட்டுக்குச் சட்டமும் துணை நிற்கிறது. எரிவாயுச் சாதனங்களை ஆண்டுதோறும் சோதிப்பிப்பது வீட்டுச் சொந்தக்காரரின் கடமை. இங்கிலாந்தில் 2022 அக்டோபர் முதல், கொதிகலன் உள்ள வசிப்பறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிப்பு மணி வைப்பதும் அவர் கடமையாயிற்று. இதைக் கேட்டுப் பெறுவது உரிமை; அதில் கூச்சம் வேண்டியதில்லை.

பெற்றோர்களே! பிள்ளையின் பெட்டியில் ஊறுகாய்ப் போத்தலை வைக்கும்போது இதையும் சொல்லி அனுப்புங்கள்: “போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே எரிவாயுவை அடைக்கும் திருகு எங்கே, அழுத்தமானி எங்கே, எச்சரிப்பு மணி எங்கே என்று பார்த்து வை.” குளிர் வந்த பிறகு தேடுவதைவிட, வருமுன் அறிந்திருப்பது நன்று.