தீயணைப்புக்குக் காசு கொடுப்பது யார்?

வீட்டில் தீப்பற்றினால் 995 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் தகவல் சொல்கிறோம். சிவப்பு வண்டி வந்து நிற்கிறது. வீரர்கள் குழாயைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறார்கள். "சந்தா கட்டியிருக்கிறீர்களா?" என்று யாரும் கேட்பதில்லை. இது இயல்பான ஒன்றாக நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த வண்டிக்கும் வீரர்களின் சம்பளத்துக்கும் யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள். நிலையம் எங்கே அமைய வேண்டும், எத்தனை பேர் வேண்டும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். பணம் கொடுப்பவர் யார், முடிவு செய்பவர் யார், தவறினால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? இம்மூன்று கேள்விகளைப் பற்றியே இன்று பேசவிருக்கிறோம்.

சந்தா கட்டியவருக்கு மட்டும் தீயணைப்பு என்று வைத்தால் என்ன ஆகும்? இது வெறும் கற்பனை அல்ல. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் சவுத் ஃபுல்டன் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதன் தீயணைப்புப் படை நகர எல்லைக்குள் இருப்பவர்களுக்கு உரியது. எல்லைக்கு வெளியே நாட்டுப்புறத்தில் இருப்பவர்கள் ஆண்டுக்கு 75 டாலர் கட்டினால் அவர்களுக்கும் உதவி கிடைக்கும் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. 2010-ஆம் ஆண்டு அப்படிப் பணம் கட்டாத ஒரு வீட்டில் தீப்பற்றியது. பணம் கட்டியிருந்த பக்கத்து நிலத்துக்காரரின் சொத்தைக் காக்க வண்டி வந்தது. பணம் கட்டாத வீடோ, வீரர்களின் கண்ணெதிரே எரிந்து சாம்பலாயிற்று. விதிப்படி நடந்தார்கள்; ஆனாலும் நாடே திகைத்தது.

இதே பாடத்தை இலண்டன் மாநகரம் 19-ஆம் நூற்றாண்டிலேயே படித்துவிட்டது. அங்கே தீயணைப்பை நடத்தியவை காப்புறுதி நிறுவனங்கள். 1861-ஆம் ஆண்டு டூலி ஸ்திரீட் கிடங்குகளில் மூண்ட பெருந்தீ அந்நிறுவனங்களின் கையை மீறியது. தீயணைப்புத் தலைவர் ஜேம்ஸ் பிரெய்ட்வுட் அந்தத் தீயிலே உயிர் துறந்தார். இந்தச் சுமையை எங்களால் தாங்க முடியாது என்று நிறுவனங்கள் அரசாங்கத்திடம் முறையிட்டன. அதன் பின் 1865-இல் சட்டம் இயற்றி, பொதுப் பணத்தில் இயங்கும் படை ஒன்றை ஏற்படுத்தினார்கள். தீக்கு வேலி தெரியாது. சந்தா கட்டாதவன் கூரையில் பிடித்த நெருப்பு, கட்டியவன் கூரைக்கும் தாவும். ஆகவே செலவையும் எல்லாரும் சேர்ந்தே ஏற்க வேண்டியிருக்கிறது.

அப்படிச் சேர்ந்து ஏற்பதற்கு அமெரிக்க நாட்டுப்புறங்களில் பல இடங்களில் உள்ள வழி, 'தீப்பாதுகாப்பு வட்டாரம்' என்னும் அமைப்பு. சில ஊர்கள் சேர்ந்து ஓர் எல்லையை வகுத்துக்கொள்கின்றன. மூன்று பேரோ ஐந்து பேரோ கொண்ட ஒரு குழுவை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தக் குழு எல்லைக்குள் உள்ள வீடு, நிலங்களின் மதிப்பைக் கணக்கிட்டுச் சிறு வரி விதிக்கிறது, வரவு செலவுத் திட்டத்தைப் பொதுக் கூட்டத்தில் வைக்கிறது, வண்டி வாங்குகிறது. வீரர்களில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். பணம் கொடுப்பவரும் முடிவு செய்பவரும் உதவிக்கு ஓடுபவரும் ஒரே ஊர்க்காரர்கள். இதுவே அதன் பலம். செல்வம் குறைந்த வட்டாரத்தில் வரியும் குறைவு, வண்டியும் பழையது. இது அதன் பலவீனம்.

இனி நம் சிங்கப்பூருக்கு வருவோம். 1830-ஆம் ஆண்டு பிலிப் ஸ்திரீட்டிலும் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் பெருந்தீ ஏற்பட்டது. பின்னாளில் செட்டியார் கிட்டங்கிகள் நிறைந்திருந்த அதே மார்க்கெட் ஸ்திரீட்தான். அக்காலத்தில் முறையான தீயணைப்புப் படை கிடையாது. சிப்பாய்கள், காவலர்கள், கப்பலோட்டிகள், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் ஆகியோரே தீயணைக்க ஓடினார்கள். 1869-இல் தீயணைப்புக்கென ஒரு குழு ஏற்பட்டது. 1888-இல் படை முறையாக அமைந்தது. ஹில் ஸ்திரீட்டில் சிவப்பும் வெள்ளையுமாக இன்றும் நிற்கும் மத்திய தீயணைப்பு நிலையம் 1909-இல் திறக்கப்பட்டது.

அந்தப் படையை நடத்தியது நகராட்சி. பணம் வந்த வழி முக்கியமாக வீட்டு வரி. அதாவது ஒரு கட்டடம் ஆண்டுக்கு எவ்வளவு வாடகை பெறும் என்று மதிப்பிட்டு, அதில் ஒரு விழுக்காட்டை உரிமையாளரிடம் வசூலிப்பது. ஆனால் முடிவு செய்யும் உரிமை வரி கொடுத்தவர்களிடம் இருந்ததா? 1913-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகு நகராட்சி ஆணையாளர்கள் அனைவரும் ஆளுநரால் நியமிக்கப்பட்டவர்கள். 1949-இல்தான் மீண்டும் தேர்தல் நடந்தது. நகர எல்லைக்கு அப்பால் இருந்த நாட்டுப்புறம் தனி வாரியத்தின்கீழ் இருந்தது. ஒரே தீவில் இரண்டு நிர்வாகம், இரண்டு விதமான வசதி.

எல்லைக்கு உள்ளேயும் இன்னொரு பிளவு இருந்தது. போருக்குப் பிறகு நகரின் ஓரங்களில் அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவருமாகக் கம்பங்கள் பெருகின. அனுமதியின்றிக் கட்டப்பட்ட வீடுகள் அவற்றில் ஏராளம். குறுகிய மண் பாதைகளில் தீயணைப்பு வண்டி நுழைய முடியாது. சில கம்பங்களில் இளைஞர்களே தொண்டர் குழு அமைத்து இரவில் காவல் சுற்றினார்கள். ஆபத்து என்றால் குரல் கொடுத்து எழுப்பினார்கள். மேலே சொன்ன அமெரிக்க ஏற்பாட்டில் பாதி இங்கும் இருந்தது என்று சொல்லலாம். தொண்டர்கள் இருந்தார்கள்; அவர்களுக்குப் பின்னால் வரிப் பணமும் தண்ணீர்க் குழாயும் போதிய அளவில் இல்லை.

1951-இல் கம்போங் பூகிஸ், 1958-இல் கம்போங் கூ சாய், 1959-இல் கம்போங் தியோங் பாரு என்று தீ அடுத்தடுத்து வந்தது. 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் பிற்பகலில் மூண்ட தீ தியோங் பாரு சாலையைத் தாண்டிப் புக்கிட் ஹோ சுவீக்குப் பரவியது. நால்வர் மாண்டனர். ஏறத்தாழ 16,000 பேர் ஒரே நாளில் வீடிழந்தனர்.

அதன் பிறகு நடந்ததைக் கவனியுங்கள், நேயர்களே. புதிய தீயணைப்பு வண்டிகள் வாங்குவதோடு விஷயம் முடியவில்லை. 1960-இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், லிம் கிம் சான் தலைமையில், எரிந்த இடத்திலேயே அடுக்குமாடிகளை எழுப்பியது. குடியிருந்தவர்கள் வீடிழந்ததால் காலியான நிலத்தை வைத்து உரிமையாளர் கொள்ளை இலாபம் பெறக்கூடாது என்பதற்காக நில எடுப்புச் சட்டமும் திருத்தப்பட்டது. நகரத்துக்கு ஒன்று, நாட்டுப்புறத்துக்கு ஒன்று என்றிருந்த வீட்டு வரிகளுக்குப் பதிலாக, 1961-இலிருந்து தீவு முழுவதற்கும் ஒரே சொத்து வரி வந்தது. செங்கல்லும் சிமெண்டும் அகலச் சாலையும் குழாய்த் தண்ணீரும் எந்தத் தீயணைப்புப் படையைவிடவும் அதிகத் தீயைத் தடுத்தன என்றால் மிகையில்லை.

1972-இல் ராபின்சன்ஸ் பேரங்காடித் தீயில் ஒன்பது பேர் இறந்தபோது, கல் கட்டடமும் எரியும் என்பது தெரிந்தது. 1989-இல் தீயணைப்புச் சேவையும் குடிமைத் தற்காப்புப் படையும் ஒன்றாக இணைந்தன. 1993-இல் தீப்பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று இப்படை உள்துறை அமைச்சின்கீழ் இயங்குகிறது. இதற்கான தொகை நாட்டின் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கப்பட்டு, நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெறுகிறது. முழுநேரப் பணியாளர்களோடு தேசியச் சேவையாளர்களும் அதில் இருக்கிறார்கள். அதாவது நாம் வரியாகப் பணமும் கொடுக்கிறோம். நம் பிள்ளைகளின் காலத்தையும் கொடுக்கிறோம்.

பணத்தை எந்த வழியில் திரட்டினாலும் ஒரு நியாயம் வேண்டும். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வீட்டுக்குக் காப்புறுதி வாங்கியவர்களிடமிருந்தே தீயணைப்புப் பணம் பெரும்பகுதி திரட்டப்பட்டு வந்தது. காப்புறுதி வாங்காதவர் இலவசமாகப் பயன் பெற்றார். 2009-இல் காட்டுத்தீயில் 173 பேர் மாண்ட பிறகு அமைந்த விசாரணை ஆணையம் இது நியாயமில்லை என்றது. 2013-இல் சொத்து உடையவர் அனைவரிடமும் வசூலிக்கும் முறைக்கு மாறினார்கள்.

அப்படியானால், எல்லாவற்றையும் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று நாம் இருந்துவிடலாமா? இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். நிர்வாகம் பெரிதாக ஆக, அது நம் வாசற்படியிலிருந்து சற்று விலகிப் போகிறது. வண்டி வந்து சேரும் வரையில் உள்ள சில நிமிடங்கள் நம்முடையவை. அந்த நிமிடங்களுக்கு உரிய நிர்வாகமும் பணமும் இன்னும் உள்ளூரிலேயே இருக்கின்றன.

அடுக்குமாடியில் உள்ள தீயணைப்புத் தண்ணீர்க் குழாய்களைப் பராமரிப்பது நகர மன்றம். 1988-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இம்மன்றங்களுக்கு நாம் மாதந்தோறும் சேவை, பராமரிப்புக் கட்டணம் கட்டுகிறோம். 2019 நவம்பரில் புக்கிட் பாத்தோக்கில் ஒரு புளோக்கில் தீப்பற்றியபோது, குழாய்ச் சுருள் இருந்த பெட்டி பூட்டிக் கிடந்தது. உடைத்துத் திறந்தும் தண்ணீர் வரவில்லை. வீரர்கள் தாங்கள் கொண்டுவந்த குழாயால் தீயை அணைத்தார்கள். கட்டணம் கட்டினோம், கடமை முடிந்தது என்று இருந்தால் போதாது. கட்டிய காசு வேலை செய்கிறதா என்று பார்க்கவும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

சிராங்கூன் சாலைப் பக்கம் வாருங்கள். தேக்காவைச் சுற்றியுள்ள பழைய கடைவீடுகள் 1989-இல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டவை. மரப் படிக்கட்டு, மர உத்தரம், ஒட்டி ஒட்டி நிற்கும் கூரை. இவற்றைக் கவனிக்கும் பொறுப்பு கடைக்காரரையும் கட்டட உரிமையாளரையும் சாரும். தீபாவளி நெருங்கும்போது ஐந்தடியில் அட்டைப் பெட்டிகள் அடுக்கப்படுகின்றன. பின்சந்தில் பழைய சாமான்கள் சேர்கின்றன. மாடியில் ஆட்கள் நெருக்கமாகத் தங்குகிறார்கள். 2014 டிசம்பரில் கேலாங்கில் ஒரு கடைவீட்டுத் தீயில் நால்வர் உயிரிழந்ததை மறந்துவிடக் கூடாது. பின்சந்தை அடைத்து வைத்திருக்கும் ஒரு கடைக்காரர், தம் கடைக்கு மட்டுமல்ல, வரிசையில் உள்ள எல்லாக் கடைகளுக்கும் ஆபத்தைத் தேடுகிறார். ஒரு வரிசைக் கடைக்காரர்கள் ஆளுக்குச் சில வெள்ளி போட்டுத் தீயணைப்பான்களை வாங்கி, ஆண்டுக்கு ஒருமுறை பழுது பார்த்து, அதற்கு ஒருவரைப் பொறுப்பாக்கினால், அதுவே ஒரு சிறிய தீப்பாதுகாப்பு வட்டாரம்.

ஆகவே நேயர்களே, உங்கள் குடியிருப்போர் குழுவிலோ கடைக்காரர் சங்கத்திலோ அடுத்த கூட்டம் நடக்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நம் மாடியில் உள்ள குழாயைக் கடைசியாகச் சோதித்தது எப்போது? அதற்கு எவ்வளவு செலவாயிற்று? பழுதென்றால் யாரிடம் சொல்வது? பதில் உடனே கிடைத்தால் மகிழுங்கள். கிடைக்காவிட்டால் கிடைக்கும் வரை கேளுங்கள். வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்ட முடியாது. கிணற்றை இன்றே வெட்ட வேண்டும். வெட்டிய கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்றும் அவ்வப்போது எட்டிப் பார்க்க வேண்டும்.