கோடை வராத வருஷத்துப் பாட்டு

வருஷம் முடியப் போகுது. இந்த வருஷம் மட்டும் எத்தனை தடவை ‘முடியலடா சாமி’னு சொல்லியிருப்பீங்க? எண்ணிப் பார்த்தா விரல் பத்தாது, இல்லையா? போன டிசம்பர்ல நானும் அதே கேஸ்தான் பாஸ்!

ரெண்டு அரியர். அதுல தெர்மோடைனமிக்ஸ் ரெண்டாவது தடவையா ஊத்திக்கிச்சு. ஆகஸ்ட்ல எங்க ஆச்சி தவறிட்டாங்க. அதுக்கப்புறம் ராத்திரி பகல் பார்க்காம நாலு பேர் சேர்ந்து பண்ணின ப்ராஜெக்ட், போட்டியில முதல் ரவுண்டைக்கூடத் தாண்டல. இதெல்லாம்கூடப் பரவாயில்ல. அரியர் விஷயம் அப்பாவுக்குத் தெரியாது. “ரிசல்ட் வித்ஹெல்ட்ல இருக்குப்பா...” ஜூலையிலேர்ந்து இதே டயலாக்! அவரும் பாவம், நம்பிட்டு இருந்தார்.

செமஸ்டர் முடிஞ்சு ஹாஸ்டல் காலியாச்சு. தென்காசிப் பக்கம் இருக்கிற எங்க வீட்டுக்குப் போனா அப்பா முகத்தைப் பார்க்கணுமே! ‘கிறிஸ்துமஸ் பார்க்கணும்டா’னு சொல்லிட்டு, ரூம்மேட்டோட பாளையங்கோட்டைக்கு பஸ் ஏறிட்டேன். பக்கா எஸ்கேப்.

24-ம் தேதி ராத்திரி. தெருவுல வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்குது. அடுப்படியில அச்சு முறுக்கு வாசனை. திண்ணையில நண்பனோட பெரியப்பா கிதாருக்குச் சுருதி சேர்த்துக்கிட்டு இருந்தார். அவர்தான் சர்ச் பாடகர் குழுவுக்கு மாஸ்டர். “கீபோர்டு இருக்குல்ல பெரியப்பா, எதுக்கு கிதார்?”னு சும்மா கேட்டேன். “‘சைலன்ட் நைட்’ பாட்டு பொறந்ததே கிதார்லதான் தம்பி”னு ஆரம்பிச்சார். அவர் சொன்னதுல பாதி, அப்புறம் நானே தேடிப் படிச்சதுல பாதி... உங்களுக்கும் சொல்றேன்.

1815 ஏப்ரல். இந்தோனேசியாவுல தம்போரா எரிமலை வெடிச்சது. வரலாற்றுல பதிவான வெடிப்புகள்லயே பெரிசு அதுதான். மேலே போன கந்தகப் புகை சூரிய ஒளியையே மறைச்சிடுச்சு. விளைவு, 1816-ல ஐரோப்பாவுக்குக் கோடையே வரல! ஓயாத மழை, குளிர், அழுகிப்போன பயிர், பஞ்சம். நெப்போலியன் போர்கள் முடிஞ்சு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஏற்கெனவே களைச்சுப் போயிருந்த ஜனங்க மேல இது வேற!

அந்த இருட்டு வருஷத்துலதான் ஜெனீவா ஏரிக்கரையில மழைக்கு வீட்டுக்குள்ளேயே அடைஞ்சு கிடந்த 18 வயசு மேரி ஷெல்லி, ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ கதையை எழுத ஆரம்பிச்சாங்க. அதே வருஷம் ஆஸ்திரியாவுல மரியாப்பார்ங்கற மலைக் கிராமத்துல 23 வயசு உதவிப் பாதிரியார் ஒருத்தர், அமைதியான ஒரு ராத்திரியைப் பத்தி ஆறு பத்திக் கவிதை எழுதினார். பேர் ஜோசப் மோர். ஒரே வானம், ஒருத்தருக்குப் பேய், இன்னொருத்தருக்குக் குழந்தை. என்ன விசித்திரம் பாருங்க!

மோர் ஒண்ணும் சொகுசா வளர்ந்தவர் இல்ல. அம்மா துணி பின்னிப் பிழைச்சவங்க. அப்பா ஒரு சிப்பாய், இவர் பிறக்கறதுக்கு முன்னாடியே கைவிட்டுட்டுப் போயிட்டார். சரி, அவ்வளவு அழகா கவிதை எழுதினாரே, உடனே நிலைமை மாறிடுச்சா? அதுதான் இல்ல! கவிதை ரெண்டு வருஷம் சும்மா கிடந்தது. இவருக்கு உடம்பு கெட்டுப் போய், ஊர் மாறி, சால்ஸ்பர்க் பக்கத்துல ஓபன்டார்ஃபுக்கு வந்து சேர்ந்தார். அது ஆத்துல உப்புப் படகு ஓட்டிப் பிழைச்ச ஊர். 1816-ல அந்த ஆத்தையே ரெண்டு நாட்டுக்கு நடுவுல எல்லையாக்கிட்டாங்க. அக்கரையில இருந்த லாஃபன் ஒரே நாள்ல வெளிநாடு! பிழைப்பு படுத்துடுச்சு.

1818 டிசம்பர் 24. மோர் தன் கவிதையை எடுத்துக்கிட்டு க்ரூபர்கிட்ட போனார். அவர் பக்கத்து ஊர் வாத்தியார், இந்தச் சர்ச்சுல ஆர்கன் வாசிக்கிறவர். “ரெண்டு குரலுக்கும் கிதாருக்கும் மெட்டுப் போட்டுக் கொடுங்க”ன்னார். அன்னிக்கு ராத்திரியே ரெண்டு பேரும் பாடிட்டாங்க. கிதார் வாசிச்சது மோர். (எலி ஆர்கனைக் கடிச்சிடுச்சு, அதனாலதான் கிதார்னு ஒரு கதை ஓடும். 1854-ல க்ரூபர் கைப்பட எழுதின குறிப்புல எலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நம்ம ஆளுங்க மட்டும்தான் கதை கட்டுவாங்கனு நினைச்சேன்!)

ஆர்கன் ரிப்பேர் பண்றவர் ஒருத்தர் மூலமா பாட்டு ஊர் தாண்டிச்சு, அப்புறம் ஊர் ஊராப் போய்ப் பாடற குடும்பங்க மூலமா நாடு தாண்டிச்சு. எழுதினவங்க பேர் மட்டும் காணாமப் போச்சு. மொஸார்ட் போட்டதுன்னாங்க, ஹேடன் போட்டதுன்னாங்க. மோர் 1848-ல காசில்லாம செத்துப் போனார். 1914 கிறிஸ்துமஸ்ல, பெல்ஜியம் பக்கம் பதுங்குகுழியில எதிரெதிரா நின்ன வீரர்கள் துப்பாக்கியை வெச்சிட்டுப் பாடினதுல இதுவும் ஒண்ணு. அப்புறமும் 1918 நவம்பர் வரைக்கும் போர் நடந்தது.

“அப்போ பாட்டால என்னதான் பிரயோஜனம் பெரியப்பா?” கொஞ்சம் கடுப்பாவே கேட்டேன். அவர் கோவிச்சுக்கல. குடிலைக் காட்டினார். “எதுக்குத் தொழுவம் வெச்சிருக்கோம்? தங்க இடம் கிடைக்காத ராத்திரி தம்பி அது. எல்லாம் சரியான பிறகு பிறக்கலாம்னா, இயேசு இன்னும் பிறந்திருக்கவே மாட்டார்!” சொல்லிட்டு மறுபடி சுருதி சேர்க்கப் போயிட்டார்.

எனக்கு எங்கேயோ சுருக்குனு குத்திச்சு. நான் என்ன ப்ளான் போட்டிருந்தேன் தெரியுமா? ரெண்டு அரியரையும் க்ளியர் பண்ணிட்டு, ‘அப்பா, ஒரு சின்ன விஷயம் நடந்துச்சு, ஆனா சரியாயிடுச்சு’னு சிரிச்சிக்கிட்டே சொல்லணும்னுதான்! நீங்களும் இப்படி எதையாவது பொத்தி வெச்சிருக்கீங்களா?

விடியக்காலை நாலு மணி ஆராதனை. நடந்து போகும்போது எங்கேயோ கோயில் ஸ்பீக்கர்ல மார்கழிப் பாட்டு. ஆச்சி இருந்திருந்தா இந்நேரம் வாசல்ல கோலம் போட்டு முடிச்சிருப்பாங்க. சர்ச்சுல செருப்பைக் கழட்டிட்டுக் கடைசியில நின்னேன். விளக்கை அணைச்சாங்க. மெழுகுவர்த்தி வெளிச்சத்துல பெரியப்பாவோட கிதார், அப்புறம் தமிழ்ல அந்தப் பாட்டு. பக்கத்துல நின்ன ஒரு பாட்டி தன் மெழுகுவர்த்தியைச் சாய்ச்சு என்னுதைப் பத்த வெச்சாங்க. ‘நீ எந்த ஊரு, எந்தச் சாமி?’ ஒண்ணும் கேக்கல. அழுதேன்னு எழுத வெக்கமா இருக்கு. ஆனா அழுதேன். சாமி நம்பிக்கை வந்துடுச்சானு கேட்டீங்கன்னா, தெரியல. பயம் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

வெளியே டீக்கடையில நின்னு அப்பாவுக்குப் போன் போட்டேன்.

“அப்பா, ரெண்டு பேப்பர் அரியர்.”

“வித்ஹெல்ட்னியே?”

“பொய்ப்பா.”

அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்ல. கட் பண்ணிட்டாரோனு ஸ்கிரீனைப் பார்த்தேன். இல்ல, செகண்ட் ஓடிக்கிட்டு இருந்தது.

“எத்தனை மாசமா?”

“ஜூலையிலேர்ந்து.”

“ம்...” மறுபடி அமைதி. “சரி. அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வால. வந்து பேசிக்கிடலாம்.”

பேசினார். ஒரு மணி நேரம் நல்லாவே பேசினார்! அம்மா குறுக்கே வந்து சோறு போட்ட பிறகுதான் நிறுத்தினார். பெரியம்மா கட்டிக் கொடுத்த அச்சு முறுக்கை மட்டும் ரெண்டு நாள்ல அவரே காலி பண்ணினார்.

ஏப்ரல்ல ரெண்டு பேப்பரையும் மறுபடி எழுதினேன். ஒண்ணு க்ளியர். தெர்மோ இன்னும் என்னை விடல. ரிசல்ட் வந்த அன்னிக்கு அப்பாவுக்குத்தான் முதல் போன்!