கொல்லாது என்றார்கள்; கொல்கிறது!

"வாதம் ஆளை வதைக்கும், ஆனால் கொல்லாது" - இப்படி ஓர் ஆறுதல்மொழி நம் நாட்டிலே நெடுங்காலமாக உலவி வருகிறது. திண்ணையிலே அமர்ந்திருப்போர் சொல்கின்றனர். தேநீர்க் கடையிலே கூடுவோர் சொல்கின்றனர். மருந்துக் கடையிலே சீட்டின்றி மாத்திரை தருபவரும் அதையேதான் சொல்கிறார். நம்பியவள் யார்? கழனியிலே நாற்று நடும் தாய்! விரல் வீங்கினால் வெந்நீர் ஒற்றடம், முழங்கால் வீங்கினால் முடக்கத்தான் தோசை, விடியற்காலையிலே கை மடங்காவிட்டால் ஒரு வலி மாத்திரை - இப்படியே ஆண்டு பலவற்றை ஓட்டிவிடுகிறாள். ஆறுதல்மொழி கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. உண்மையா என்பதுதான் கேள்வி.

இல்லை என்கிறது மருத்துவம். கொல்கிறது என்கிறது கணக்கு. கொல்வதோடு நில்லாமல், கொன்ற பழியை வேறு நோயின்மீது போட்டுவிட்டு ஒளிந்தும் கொள்கிறது என்பதை எடுத்துக்காட்டவே இதனை எழுதுகிறோம்.

எல்லா மூட்டு வலியையும் நாம் குறிப்பிடவில்லை. அறுபதைக் கடந்தவரின் தேய்ந்த முழங்கால் வேறு. நாம் கூறுவது, சரவாங்கி என்று நம் தாய்மார் அழைக்கும் முடக்குவாதம். லூபஸ் என்ற நோய். தோலை மரப்பட்டைபோல் இறுக்கும் நோய். தசையை அழற்சியால் நலிவிக்கும் நோய். பெயர் பல, குடும்பம் ஒன்று. உடலைக் காக்க இயற்கை அமைத்த படையொன்று உண்டு. கிருமி நுழைந்தால் அதனைத் தாக்குவது அதன் வேலை. அந்தப் படையே பகைவன் யார், தன்னவன் யார் என்று அறியாமல் சொந்த மூட்டையும், சொந்தச் சிறுநீரகத்தையும், சொந்த நுரையீரலையும் தாக்கத் தொடங்கினால்? வேலியே பயிரை மேய்கிறது! அதுதான் இந்நோய்.

"முன்வினை" என்பார் சிலர். "கிரகம்" என்பார் இன்னும் சிலர். எலுமிச்சம்பழம் நறுக்குவோரும் உண்டு. தாயத்துக் கட்டுவோரும் உண்டு. கட்டிய தாயத்து கையிலே இருக்க, கை வீங்கி, தாயத்தின் கயிறு சதையிலே பதியும்வரை காத்திருப்போரும் உண்டு! ஏன், எப்படி என்று கேள் என்றார் பெரியார். கேட்டால் என்ன விடை வருகிறது? பிறப்பிலே வரும் சில மரபுக் கூறுகள், புகைபிடிப்பு, இன்னும் ஆய்ந்துகொண்டிருக்கும் பல காரணங்கள் - இவை கூடிப் படையைக் குழப்புகின்றன. அதிலே பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை.

கொல்கிறது என்று எப்போது தெரிந்தது? நேற்றோ இன்றோ அல்ல. 1953ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் காப், ஆண்டர்சன், பாயர் ஆகிய மூவர், முடக்குவாதம் கண்டவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த காலமே வாழ்கிறார்கள் என்று கணக்கெடுத்து வெளியிட்டார்கள். 1955இலே பால்டிமோர் நகரிலே மெரல், ஷுல்மன் இருவரும் லூபஸ் நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். நோய் கண்டறிந்து நான்காண்டு கழிந்தபோது உயிரோடிருந்தவர்கள் ஏறத்தாழப் பாதிப்பேர்தான்! 1976இலே டொராண்டோ நகரத்து உரோவிட்சு என்ற மருத்துவர் இன்னொன்றைக் கண்டார். லூபஸ் இருமுறை வாள் வீசுகிறது. தொடக்க ஆண்டுகளிலே நோயின் வேகத்தாலும் கிருமித் தொற்றாலும் கொல்கிறது. அதிலே தப்பியவரைப் பல்லாண்டு கழித்து மாரடைப்பாலே கொல்கிறது.

2006இலே வெளிவந்த ஆய்வு ஒன்று, பல நாட்டு மருத்துவ மையங்கள் 23இல் 9,547 லூபஸ் நோயாளிகளைக் கணக்கிட்டது. பொதுமக்களிடையே எதிர்பார்க்கும் சாவைப்போல் 2.4 மடங்கு சாவு! இளவயதினரிடையே இந்த வேறுபாடு இன்னும் பெரிது. முடக்குவாதமோ, இதயத்தாலும் இரத்தக் குழாயாலும் வரும் சாவை ஏறக்குறைய ஒன்றரை மடங்காக்குகிறது என்று 2008ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு கூறுகிறது.

மூட்டு நோய்க்கும் மாரடைப்புக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். வீக்கம் விரலிலே தெரிகிறது. ஆனால் தீ விரலிலே மட்டும் எரியவில்லை. அந்த அழற்சி இரத்தத்தோடு ஓடி, இதயத்துக்குச் செல்லும் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கிக் கொழுப்புப் படிவை விரைவுபடுத்துகிறது. லூபஸ் சிறுநீரகத்திலே புகுந்தால் வலியே இருக்காது. சிறுநீரிலே புரதம் கசியும், நுரை தெரியும், கால் வீங்கும். தோலை இறுக்கும் நோய் நுரையீரலையும் இறுக்கும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும். மூட்டிலே வலித்ததால் மூட்டையே பார்த்தோம். உயிர் போன வழியோ வேறு!

சாவுக்குப் பிறகு நடப்பதையும் பாருங்கள். சான்றிதழிலே எழுதப்படுவது "மாரடைப்பு", அல்லது "சிறுநீரகம் செயலிழந்தது", அல்லது "நிமோனியா". இருபதாண்டு கைவிரலை முறுக்கிய முடக்குவாதம் ஏட்டிலே ஏறுவது அரிது. அதுவும் சான்று இருந்தால்! 2020ஆம் ஆண்டு இந்தியாவிலே பதிவான சாவுகளில், காரணத்தை மருத்துவர் சான்றளித்தவை நான்கில் ஒன்றுக்கும் குறைவு. எண்ணப்படாத சாவுக்குத் திட்டம் ஏது? திட்டமில்லாத நோய்க்கு நிதி ஏது?

புதுவையிலிருந்து விழுப்புரம் செல்லும் நெடுஞ்சாலையிலே, வில்லியனூர் வட்டத்திலே திருவாண்டார்கோயில் இருக்கிறது. வடுகூர் என்பது பழம்பெயர். சம்பந்தர் பாடிய தலம் என்று பெருமை பேசுவர். அங்குள்ள பழைய கற்கோயிலை இந்தியத் தொல்லியல் துறை காத்து வருகிறது. காக்கட்டும்! வரலாறு வாழவேண்டும் என்பதிலே நமக்கு மாறுபாடு இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம். கல்லிலே விரிசல் விழுந்தால் கவனிக்க ஒரு துறை உண்டு. அக்கல்லுக்கு அருகே குடிசையிலே வாழ்பவளின் மூட்டெலும்பு அரிக்கப்பட்டால், அதைக் குறித்துக்கொள்ள ஓர் ஏடு உண்டா? கல்லுக்குக் காவல், கைக்கு இல்லையா காவல்?

1993இலே அரியானா மாநிலத்துப் பல்லப்கர் வட்டாரச் சிற்றூர்களிலே எடுத்த கணக்கு, வயதுவந்தோரில் 0.75 விழுக்காட்டினருக்கு முடக்குவாதம் என்றது. ஆயிரம் பேருக்கு ஏழெட்டுப் பேர். அதே அளவை இங்கும் வைத்துப் பாருங்கள். திருவாண்டார்கோயிலிலும் திருபுவனையிலும் மதகடிப்பட்டிலும் ஆயிரம் ஆயிரமாக மக்கள் வாழ்கிறார்களே, எத்தனை கைகள் இரகசியமாக முடங்கிக்கொண்டிருக்கும்!

அக்கைகள் யாருடையவை? பெரும்பாலும் பெண்களுடையவை. முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகிறது. லூபஸ் கண்ட பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். அதுவும் பிள்ளை பெறும் வயதிலே! நாற்று நட்ட கை, களை பறித்த கை, சாலையோரத் தொழிற்சாலையிலே பொருளைப் பொருத்தும் கை. வீட்டிலே ஆணுக்குக் காய்ச்சல் என்றால் ஆட்டோ வருகிறது. பெண்ணுக்குக் கை மடங்காவிட்டால் "வேலைக்குச் சோம்பல்" என்ற பட்டம் வருகிறது! மணமாகாத பெண்ணாயிருந்தால் நோயையே மறைக்கிறார்கள் - மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்துவிடுமாம். மறைத்தது நோயை அல்ல, தோழர்களே; மறைத்தது மருத்துவத்தை!

வைத்தியமே இல்லையென்றால் விதியென்று விட்டுவிடலாம். வைத்தியம் இருக்கிறது! சென்னை மருத்துவக் கல்லூரியிலே படித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். கதர் உடுத்தியதால் வெள்ளைக்காரப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளாகி, முழுப் பட்டம் மறுக்கப்பட்டவர். அமெரிக்கா சென்று அவர் தலைமை தாங்கிய ஆய்வுக்கூடத்திலே பிறந்த மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது மெத்தோட்ரெக்சேட். புற்றுநோய்க்கென்று வந்தது, முடக்குவாதத்துக்கும் முதன்மை மருந்தாயிற்று. 2002இலே வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று, இம்மருந்தை உட்கொண்ட முடக்குவாத நோயாளிகளிடையே சாவு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைவு என்று கண்டது. மலேரியாவுக்கு வந்த ஹைட்ராக்சிகுளோரோகுயின், லூபஸ் நோயாளியின் ஆயுளை நீட்டுகிறது. 1955இலே நான்காண்டிலே பாதிப்பேரைக் கொன்ற லூபஸ், இன்று வளமான நாடுகளிலே ஐந்தாண்டு கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உயிரோடு விடுகிறது. தெய்வம் இரங்கியதா? இல்லை, மனிதன் சிந்தித்தான்!

ஆனால் அந்த மருந்து உரிய காலத்திலே, உரிய அளவிலே சேரவேண்டும். இங்கே என்ன சேருகிறது? "ஒரே வேளையிலே வலி பறந்துவிடும்" என்று பெயர் சொல்லாமல் தரும் மாத்திரை சேருகிறது. பல வேளை அது ஸ்டீராய்டு. 1948இலே அமெரிக்க மருத்துவர் ஹென்ச் முடக்குவாத நோயாளிக்கு முதன்முதலாகக் கொடுத்து, 1950இலே நோபல் பரிசு பெற்றாரே, கார்ட்டிசோன் - அதன் வழிவந்ததுதான். மருத்துவர் கையிலே அது உயிர்காக்கும் வாள். கடைக்காரர் கையிலே? முகம் வீங்கும், சர்க்கரை ஏறும், எலும்பு நொறுங்கும், உள்ளே உறங்கிய காசநோய் விழிக்கும். உலகத்துக் காசநோயாளிகளிலே ஏறக்குறைய நான்கில் ஒருவர் வாழும் நாடு இது என்பதை மறக்கலாமா? நெடுநாள் தின்றதை அஞ்சித் திடீரென நிறுத்தினாலோ, அதுவும் உயிருக்கே ஆபத்து. மெத்தோட்ரெக்சேட்டும் அப்படித்தான்: மூட்டு நோய்க்கு வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே உண்ணவேண்டியதை நாள்தோறும் உண்டு மாண்டவர்கள் உலகெங்கும் உண்டு. சீட்டிலே எழுதிய ஒரு சொல்லைப் படிக்கத் தெரிவதும் உயிர்காப்புதான்!

வசதி படைத்தோரை இது விட்டுவிடுமோ? விடாது. நடிகை சமந்தா தமக்குத் தசை அழற்சி நோய் வந்திருப்பதை 2022 அக்டோபரிலே வெளிப்படையாக அறிவித்தார்; மருத்துவம் பார்த்துக்கொண்டு மீண்டும் பணிக்குத் திரும்பினார். "தங்கல்" படத்திலே சிறுமியாக நடித்த சுகானி பட்னாகர், அதே குடும்பத்து நோயான தோல்-தசை அழற்சியால் 2024 பிப்ரவரியிலே டில்லி எய்ம்சு மருத்துவமனையிலே மறைந்தார். வயது 19! தலைநகரத்தின் தலைசிறந்த மருத்துவமனையிலேயே பறிக்கவல்லது இந்நோய் என்றால், சிற்றூரிலே மருந்துக்கடையை மட்டும் நம்பி நிற்பவளின் நிலை என்ன?

புதுவை மக்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. 1823இலே பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்து, 1964இலே ஜிப்மர் ஆகி, 2008இலே தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனம் கோரிமேட்டிலே நிற்கிறது. இந்நோய்களைக் கவனிக்கவே அங்குத் தனித் துறை உண்டு. திருவாண்டார்கோயிலிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்தான். ஆனால் ஏழைக்குத் தூரம் கிலோமீட்டரிலே இல்லை, கூலியிலே இருக்கிறது! ஒருநாள் போய்வந்தால் ஒருநாள் அடுப்பு அணைகிறது. விடிந்தால் விரல் மடங்காதவள் பேருந்துக் கம்பியை எதனால் பிடிப்பாள்? அவள் போகாததற்கு அறியாமை மட்டும் காரணமல்ல.

ஆகவே ஆள்வோரைக் கேட்கிறோம். வானத்தை வில்லாக வளைக்கச் சொல்லவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலே, ஆறு வாரத்துக்கு மேல் மூட்டு வீங்கி, காலையிலே அரைமணிக்கு மேல் விறைத்திருக்கும் எவரையும் பெயர் பதிந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நோய் உறுதியானவருக்கு மாதாந்தர மருந்தையும் இரத்தப் பரிசோதனையையும் ஊரிலேயே இலவசமாகத் தாருங்கள். வரும்போதெல்லாம் இரத்த அழுத்தம் பாருங்கள். சிறுநீரிலே புரதம் பாருங்கள் - ஒரு காகிதப் பட்டை போதுமே! நிமோனியாத் தடுப்பூசி போடுங்கள். காசநோய் இருக்கிறதா என்று தேடுங்கள். தனித்துறை மருத்துவர் மாதம் ஒருமுறையேனும் சிற்றூருக்கு வரட்டும். சீட்டின்றி ஸ்டீராய்டு விற்பதைத் தடுங்கள். மாண்டாரென்றால், மறைந்திருந்து கொன்ற நோயின் பெயரையும் சான்றிதழிலே எழுதுங்கள்.

மக்களையும் கேட்கிறோம். முடக்கத்தான் தோசை சுவையானது, உண்ணுங்கள். அது இதயத்தைக் காக்கும் மருந்தல்ல என்பதை மட்டும் உணருங்கள். விடியலிலே விரல் விறைக்கிறது என்று மனைவி சொன்னால், மகள் சொன்னால், வேலைக்காரி சொன்னால், சோம்பல் என்று சொல்லாதீர். சிறுநீர் நுரைக்கிறதா, காலை எழுந்ததும் முகம் வீங்குகிறதா, மூச்சு வாங்குகிறதா, கன்னத்திலே வெயில் பட்டால் சிவக்கிறதா என்று கேளுங்கள். கேட்டுவிட்டு அழைத்துச் செல்லுங்கள் - கோடாங்கியிடம் அல்ல, மருத்துவரிடம்!

"வாதம் கொல்லாது" என்ற ஆறுதல்மொழி போதும். அந்த மொழி ஆறுதலாயிருந்தது நமக்குத்தான், அவளுக்கு அல்ல. பயிரை மேயும் வேலியை அடக்க மருந்து வந்துவிட்டது. அது அவள் வாயிலை அடையவில்லை என்றால், அவளைக் கொன்றது நோய் மட்டுமல்ல!