வலையைக் கொஞ்சம் இறக்குங்கள்!

பொங்கல் வந்தால் கிருஷ்ணகிரி மாவட்டம் மத்தூர் பக்கத்து இளைஞர் மன்றங்களுக்குக் கை நிறைய வேலை. ஓசூர் கம்பெனிகளுக்குப் போன பசங்களும் ஊர் திரும்பியிருப்பார்கள். உறியடி, கபடி, வாலிபால் என மைக் செட் அலறும். அந்தக் கூட்டத்தில், போலியோவால் கால் சூம்பிய அண்ணன் எங்கே இருப்பார்? பெரும்பாலும் மைதானத்தின் ஓரத்தில். கொஞ்சம் நல்ல மனசுள்ள மன்றம் என்றால் ஸ்கோர் எழுதச் சொல்வார்கள், மேடையேற்றிப் பொன்னாடைகூடப் போர்த்துவார்கள். ஆட்டத்துக்கு மட்டும் கூப்பிட மாட்டார்கள்.

கூப்பிட்டால் என்ன நடக்கும்? சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலுவின் கதை தெரிந்ததுதான். ஐந்து வயதில், பள்ளிக்குப் போகும் வழியில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. அம்மா சரோஜா காய்கறி விற்று வளர்த்தார். பள்ளியில் மாரியப்பனுக்குப் பிடித்தது வாலிபால். உடற்கல்வி ஆசிரியர்தான் உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னார். 14 வயதில் முதல் போட்டி. உடன் தாண்டியவர்கள் மாற்றுத்திறனாளிகள் அல்ல. ஆனாலும் மாரியப்பனுக்கு இரண்டாமிடம்! பிறகு பெங்களூரில் பயிற்சி. 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரீஸில் வெண்கலம்.

பதக்கத்தை விடுங்கள், அந்தப் பள்ளி மைதானத்தைப் பாருங்கள். ‘உனக்கு எதுக்குப்பா இதெல்லாம், ஓரமா உட்காரு’ என்று அங்கே யாராவது சொல்லியிருந்தால்? எல்லோரும் மாரியப்பன் ஆக முடியாதுதான். சாயங்காலம் நண்பர்களோடு ஒரு செட் ஆட, தங்கம் வெல்லும் தகுதியா வேண்டும்?

வழியும் இருக்கிறது. உட்கார்ந்து ஆடும் வாலிபால் 1980 முதல் பாராலிம்பிக்கில் உண்டு. ஆண்களுக்கு 2.43 மீட்டரில் கட்டும் வலையை 1.15 மீட்டருக்கு இறக்க வேண்டும், பெண்களுக்கு 1.05. ஆடுகளம் 10க்கு 6 மீட்டர். பந்தைத் தொடும்போது உடம்பு தரையை விட்டு எழக் கூடாது. மன்றத்தின் ஸ்டார் ஆட்டக்காரர்களும் உட்கார்ந்து ஆடிப் பார்க்கட்டும். ஐந்தே நிமிடத்தில் மூச்சு வாங்கும். கையை ஊன்றி நகர்ந்து பழகியவர்தான் அங்கே சீனியர்!

விளையாட்டோடு முடிந்துவிடுவதில்லை. மன்றக் கூட்டத்தை மாடியில் வைத்தால் வீல்சேரில் வருபவர் கீழேயே நிற்க வேண்டியதுதான். குரூப்பில் வாய்ஸ் நோட்டாகவே போட்டால் காது கேளாத தம்பிக்கு எதுவும் தெரியாது. நாலு வரி டைப் செய்தால் போதும். நடுவர் விசிலோடு ஒரு கொடியையும் அசைக்கலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அவற்றில் பல வெளியே தெரியாதவை. அதனால் ‘எங்க ஊர்ல அப்படி யாரும் இல்லையே’ என்று சொல்லும் முன் ஒருமுறை விசாரிப்பது நல்லது.

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க 2025இல் தமிழக சட்டமன்றமே சட்டம் நிறைவேற்றிவிட்டது. மன்ற நிர்வாகக் குழுவில் ஒரு பெயர் சேர்ப்பதா கஷ்டம்? அடுத்த பொங்கல் நோட்டீஸில் ‘உட்கார்ந்து ஆடும் வாலிபால், யாரும் கலந்துகொள்ளலாம்’ என்று ஒரு வரி கூடுதலாகப் போட, அச்சகத்தில் தனியாகக் காசு கேட்க மாட்டார்கள்.